அம்மா சொல்லுதது இருக்கட்டும்

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பு, ஓர் ஆடி மாதத்தில், எங்கள் கோர்ட்டு வெள்ளைக்கார நீதவான் தம்முடைய சித்திக்கு என்னைப் பத்து நாள் இரவல் கொடுத்தார். குடையைக் கொடுப்பது போலத்தான் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தம்பையா, கொழும்புக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். அந்தச் சித்தி மிஸ் பார்ட்லெட், ஆஸ்திரேலியாக்காரர், அறுபது வயது. தென்காசிப் பக்கம் போய் ஏசுகிறிஸ்துவைப் பற்றி மூன்று கூட்டம் பேச வேண்டும் என்று புறப்பட்டிருந்தார். அவருக்குத் தமிழில் தெரிந்தது 'சுடுதண்ணீர்' என்ற ஒரே சொல். மற்றதற்கெல்லாம் நான்.

நானோ யாழ்ப்பாணத்துச் சைவன். திருநீறு பூசாமல் படி இறங்காத குடும்பம். இதை நீதவானிடம் சொல்லிப் பார்த்தேன். கொலைகாரனுக்கும்தான் மொழிபெயர்க்கிறாய், அதனால் நீ கொலைகாரனாகிவிட்டாயா என்று கேட்டார். பெட்டியைக் கட்டினேன்.

கடலைத் தாண்டியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மிஸ் பார்ட்லெட் தூங்கினார். நான் வாந்தி எடுத்தேன்.

தென்காசியில் எங்களை ஏற்றிக்கொள்ள மைதீன் என்பவரின் குதிரை வண்டி வந்திருந்தது. அந்தக் குதிரை முன்பு ஒரு வைத்தியரிடம் இருந்ததாம். சாலையில் யார் இருமினாலும் நின்றுவிடும். வைத்தியர் இறங்கி நாடி பார்த்துத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்று, பிறகு தானே நடக்கும். சாரல் காலம் ஆனபடியால் ஊரில் பாதிப் பேருக்கு ஜலதோஷம். தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல். இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

சாரலைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கொழும்பு மழை குடத்தைக் கவிழ்த்தது போல் கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே அப்படி இல்லை. கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் தெளித்துக்கொண்டே நம் பின்னாலேயே வந்தால் எப்படி இருக்கும், அப்படி. வெயிலும் இருக்கும், நனையவும் செய்வோம். மிஸ் பார்ட்லெட் குடையை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாமல் வழி நெடுக இரண்டையும் செய்தார்.

குற்றாலத்தில் அவருடைய சிநேகிதர் ஒருவரின் பங்களாவில் தங்கினோம். சமையல் அன்னம்மாள், அச்சன்புதூர்ப் பெண், நாற்பது வயது இருக்கும், வேதக்காரி. கிறிஸ்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மறுநாள் காலை இடியாப்பம் செய்திருந்தாள். எங்கள் வழக்கப்படி, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பால் சொதி இருக்கிறதா என்று கேட்டேன். யாருக்குக் கல்யாணம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். எங்களுக்குச் சொதி என்பது தினசரி. இந்தப் பக்கத்திலோ கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்கு வைக்கிற பெரிய காரியம். நான் ஏதோ ரகசியத்தை மறைப்பதாக அவள் நினைத்துக்கொண்டு, அன்று முழுவதும் என்னையும் மிஸ் பார்ட்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று மாலை தென்காசியில் முதல் கூட்டம். பள்ளிக்கூடம் ஒன்றின் பக்கத்துத் திடலில் நூறு பேர் போல வந்திருந்தார்கள். பெரும்பாலோர் வந்தது மிஸ் பார்ட்லெட்டின் தொப்பியைப் பார்க்க. அதில் துணியில் தைத்த திராட்சைக் குலை ஒன்று தொங்கும். அன்று காலைதான் அருவிக்கரைக் குரங்கு ஒன்று அதைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்து, துணி என்று கண்டதும் ஆத்திரத்தோடு அவர் காலடியிலேயே எறிந்துவிட்டுப் போயிருந்தது. எச்சில் காயாத குலையோடு அவர் மேடை ஏறினார்.

அவர் பேச்சு எளிமையானது. கிறிஸ்து ஒருநாள் தம்மோடு இருந்தவர்களிடம், ஊரார் என்னை யார் என்று சொல்கிறார்கள் என்று கேட்டாராம். ஆளுக்கு ஒன்றாகக் கேள்விப்பட்டதைச் சொன்னார்களாம். அது கிடக்கட்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அடுத்தபடியாகக் கேட்டாராம். மிஸ் பார்ட்லெட் கையை விரித்து, அதே கேள்வியை இந்த ஊரிடம் கேட்கிறேன், ஒவ்வொருவரும் தாமாகவே முடிவு செய்ய வேண்டும் என்று முடித்தார்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோர்ட்டில் ஒருவன் 'நான் கோழி திருடினேன்' என்றால், மொழிபெயர்ப்பாளனும் 'நான் கோழி திருடினேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் விதி. பதினொரு வருஷமாக நான் திருடாத கோழி இல்லை, வெட்டாத அண்டை வீட்டான் இல்லை. ஆனால் மிஸ் பார்ட்லெட் 'நான் அவரை நம்புகிறேன்' என்றபோது, கோழித் திருட்டையெல்லாம் கூசாமல் ஒப்புக்கொண்ட அதே நாக்கு எழும்பவில்லை. அதனால் வாக்கியத்துக்கு வாக்கியம் 'அம்மா சொல்லுகிறார்கள்' என்று முன்னால் ஒட்டிக்கொண்டேன்.

கூட்டம் முடிகிற நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். நரைத்த பெரிய மீசை, கையில் மடக்கின குடை, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற நிலை. கடையத்துக்காரர், சங்கரபாண்டியன் என்று பெயர், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிட்டது.

"அம்மா சொல்லுதது இருக்கட்டும். அவுக சொல்லுதாவ, அவுக சொல்லுதாவன்னு நூறு தடவ சொல்லிட்டீரு. நீரு என்ன சொல்லுதீரு? அவரு யாருவே?"

என்ன கேட்கிறார் என்று மிஸ் பார்ட்லெட் விசாரித்தார். அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று கேட்கிறார் என்று சொன்னேன். கோர்ட்டில் இப்படிச் செய்திருந்தால் அன்றே வேலை போயிருக்கும். இது நீதவானின் சித்தி என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது. அவரோ மகிழ்ந்துபோய், நாளை மாலை நாலு மணிக்கு, குற்றாலத்தில் பங்களாவுக்கு முன்னால் என்றார். நான் பழக்கதோஷத்தில் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

ஏட்டையா தலையாட்டினார். "சரி. நாளைக்கு நாலு மணிக்குப் பதில் சொல்லுதேங்கீரு. வாரேன்."

நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அதை மாற்ற வாயெடுத்து, யாழ்ப்பாண வழக்கப்படி "ஓம், ஆனால்" என்று தொடங்கினேன். எங்களுக்கு ஓம் என்றால் ஆமாம். அங்கே இருந்தவர்களுக்கு அது மந்திரம். வேதக்காரர் கூட்டத்தில் சைவ மந்திரத்தோடு முடிக்கிறார்கள் என்று எண்ணி இரண்டு கிழவர்கள் கும்பிட்டார்கள். கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலையிலிருந்து நான் பதில் தேடி அலைந்தேன். எனக்கு வேண்டியது யாராவது சொல்லிக் கொடுக்கக்கூடிய, பழுதில்லாத ஒரு பதில். நாலு மணிக்குச் சொல்லிவிட்டு மறந்துவிடலாம். முதலில் அன்னம்மாளிடம் போனேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே நான் கேட்டதை முழுவதும் கேட்டாள்.

"எனக்கு யாருன்னா சொல்லுவேன் அண்ணாச்சி. உமக்கு யாருன்னு என்கிட்ட கேட்டா? உமக்குப் பசிக்குதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். பிறகு, பசிக்கிறதா என்று உண்மையாகவே கேட்டு இரண்டு இட்லி வைத்தாள்.

மைதீனிடம் கேட்டேன். அவர் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். தங்கள் மார்க்கத்தில் அவர் பெரிய நபி, பேர் சொன்னால் மரியாதையோடுதான் சொல்வோம் என்றார். அதையே நான் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். மைதீன் யோசித்துவிட்டு, அது தம் சட்டை, எனக்குத் தோளில் பொருந்தாது என்றார். அந்த நேரம் பார்த்து நான் இருமித் தொலைத்தேன். கட்டி வைத்திருந்த குதிரை கொள்ளைத் தின்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

நாலு மணிக்கு ஏட்டையா வந்தார். தனியாக வரவில்லை. கடையத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி நிறைய ஆள். மிஸ் பார்ட்லெட் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். தம் பேச்சுக்கு வந்த கூட்டம் என்று நினைத்தார். பேச்சு முடிந்ததும் ஏட்டையா எழுந்தார். நான் தயாராக இருந்தேன். கிறிஸ்து ஒரு பெரிய மகான் என்று நினைக்கிறேன் என்றேன்.

உமக்கு எப்படித் தெரியும் என்றார். எல்லாரும் சொல்கிறார்கள் என்றேன்.

"கேள்விப்பட்ட சாட்சி. உம்ம கோர்ட்டுல அது செல்லுமா?"

செல்லாது என்று ஒப்புக்கொண்டேன். கிறிஸ்துவின் சரித்திரத்தை முழுவதும் வாசித்ததுண்டா என்றார். இல்லை என்றேன். கடையத்து ஆட்கள் திருப்தியோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என்ன நடக்கிறது என்று மிஸ் பார்ட்லெட் கேட்டார். தொப்பியில் இருக்கும் திராட்சையைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தம் தங்கை எப்படிக் கண் பார்வை குறைந்த பிறகும் ஒவ்வொரு பழமாகத் தைத்தாள், எந்தத் துணி, என்ன சாயம் என்று பத்து நிமிஷம் சொன்னார். அந்த நீளத்துக்கு நானும் ஏதாவது பேச வேண்டும். வாயில் வந்தது கொழும்பு ட்ராம் வண்டி. அது எந்தத் தெருவில் புறப்பட்டு எங்கெல்லாம் திரும்பி எங்கே போய் நிற்கும் என்று விவரமாகச் சொன்னேன். கூட்டம் பொறுமையாகக் கேட்டது. கடைசியில் ஒருவர், கிறிஸ்து இதில் எங்கே ஏறினார் என்று கேட்டார்.

மூன்றாம் நாள் கூட்டம் இல்லை. அருவிக்குப் போனேன். அங்கே பாறைமேல் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேய்ப்பது என்று சொல்வது மரியாதைக்கு. தலையில் தாளம் போட்டு, முதுகில் அறைந்து, கையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, வராததால் விட்டுவிடுகிறார்கள். கண்ணைத் திறந்தபோது பக்கத்துப் பாறையில் எண்ணெய் வழிய ஏட்டையா. கோவணமும் மீசையும் மட்டும்.

ஓட வழியில்லை. எழுந்தால் வழுக்கும். ஆனால் அவர் என்னை விசாரிக்கவில்லை. தம் கதையைச் சொன்னார். முதுகில் அடி விழும்போதெல்லாம் பேச்சு நின்று நின்று வந்தது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஆலங்குளத்துக்காரன் ஒருவனை, மாடசாமி என்று பெயர், மாட்டுத் திருட்டுக்குப் பிடித்துவந்தார்களாம். இரண்டு நாள் அடித்தது இவர்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து உண்மைத் திருடன் அகப்பட்டான். மாடசாமியை விட்டுவிட்டார்கள்.

"போகையில திரும்பிப் பார்த்தான். வைவான்னு நெனைச்சேன். வையல. கும்பிடவும் இல்ல. சும்மா பார்த்தான்வே."

அதைப் பல வருஷம் மறந்திருந்தாராம். போன வருஷம் சந்தையில் யாரோ கையில் கொடுத்த ஒரு தாளில், ஆளுநர் முன்னால் நிறுத்தி வைத்து விசாரித்தும், அடித்தும், வாய் திறக்காமல் நின்ற ஒருவரைப் பற்றி வாசித்தார். அன்றிலிருந்து மாடசாமி கண்ணுக்குள்ளேயே நிற்கிறான். எண்ணெய்க்காரர் கழுத்தைத் திருகினார். ஏட்டையா மலையைப் பார்த்தபடியே மீதியைச் சொன்னார்.

"வேதக்காரன்கிட்ட கேட்டா அவன் அந்தப் பக்கத்துச் சாட்சி. எங்க ஆளுகள்ட்ட கேட்டா இந்தப் பக்கம். நீரு ஒருத்தருதான் ரெண்டு பக்கமும் இல்லாத ஆளு. அந்த மனுசன் யாருன்னு ஒருத்தன் நேர்மையாச் சொன்னாம்னா, இந்த மாடசாமிய எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்ப் பாக்கன்னு எனக்குத் தெரியும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எண்ணெய்க்காரர் என் தலையில் ஓங்கி ஒன்று வைத்தார். அது தொழில் முறையில் வைத்ததுதான். ஆனாலும் எனக்கு வேண்டியிருந்தது.

பங்களாவுக்குத் திரும்பி அன்னம்மாளிடம் அந்தச் சரித்திரம் அச்சிட்ட புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். சின்னப் புத்தகம் ஒன்றை அடுக்களை மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஏடெல்லாம் மஞ்சள் தூள் வாசனை. வெளியே சாரல். நான் சாய்வு நாற்காலியில் கிடந்து மாலை வரை வாசித்தேன். மிஸ் பார்ட்லெட் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, மறுநாள் பேச்சுக்கு நான் இவ்வளவு சிரத்தையாகத் தயார் செய்கிறேன் என்று மெச்சிக்கொண்டு போனார்.

வாசித்ததில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. சில இடங்களில் அவரோடு சண்டை போட வேண்டும் போல இருந்தது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் மறுகேள்வி போடுகிறார். கோர்ட்டில் நீதவான் விடமாட்டார். ஆனால் கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் வந்தது. அதை மிஸ் பார்ட்லெட் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்னம்மாள் வந்து, சொதி வைத்திருக்கிறேன், கல்யாணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாள்.

நாலாம் நாள், கடைசிக் கூட்டம், மறுபடியும் தென்காசித் திடல். மிஸ் பார்ட்லெட் பேசி முடித்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கையை விரித்தார். நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு, ஏட்டையா எழுவதற்கு முன்னால், என் பதிலைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"நான் சைவன். நாளைக்கும் திருநீறு பூசுவன். அம்மா சொல்லுறதை எல்லாம் நான் ஏற்கயில்லை. ஆனால் நேற்று நானே வாசிச்சன். அவரைப் பிடிச்சுக்கொண்டு போனபோது சிநேகிதரெல்லாம் ஓடிப்போனவை. எல்லாம் முடிஞ்ச பிறகு அவர் அவையைத் தேடிக் கடற்கரைக்கு வாறார். வந்து, ஏன் ஓடினியள் என்று கேட்கயில்லை. நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைச்சு, வந்து சாப்பிடுங்கோ என்று சொல்லுறார். என்னால் அது ஏலாது. நான் முதல்ல கணக்குக் கேட்பன். கடவுள் என்று ஒருத்தர் இருந்தால் அவருக்கு இந்தக் குணம் இருக்க வேணும். அந்தக் குணம் இவரிட்டை இருக்குது. இவ்வளவுதான் என்ர சாட்சி. இதுக்கு மேலே எனக்குத் தெரியாது."

என் தமிழ் எல்லாருக்கும் புரிந்ததா என்று தெரியவில்லை. ஏட்டையா உட்கார்ந்தபடியே கேட்டார்.

"நெருப்பு மூட்டுனது அடிபட்டவரா, ஓடுனவனுவளா?"

அடிபட்டவர்தான் என்றேன்.

"அப்ப மத்தவனுவ என்ன செஞ்சானுவ?"

போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றேன். ஏட்டையா குடையை எடுத்தார். சொந்தச் சாட்சிதான், செல்லும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார்.

மிஸ் பார்ட்லெட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசியது தம் பேச்சு இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வண்டியில் ஏறியதும் சொன்னேன். முதலில் என் பதிலை, 'நான்' என்றே வைத்து, மொழிபெயர்த்தேன். பிறகு நாலு நாள் பொய்யையும் முதலிலிருந்து சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தம் தங்கையின் திராட்சையைப் பற்றிச் சொன்னது என்னவாயிற்று என்று கேட்டார். அது ட்ராம் வண்டியாகிவிட்டது என்றேன். அதன் பாதையையும் சொல்லும்படி ஆயிற்று. அவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, குதிரை நின்றுவிட்டது. மைதீன் இறங்கிப் போய் வெற்றிலை வாங்கி வந்தார்.

குதிரை நின்ற அந்த நேரத்தில்தான் மிஸ் பார்ட்லெட் மெதுவாகச் சொன்னார்:

"இந்தக் கேள்வியை நான் ஐந்து தேசத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டதும் பாட்டுப் பாடி எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீ நாலு நாளாக என் மேஜையில் சாப்பிடுகிறாய். உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள், தம்பையா."

நான் தலையாட்டினேன். நீதவானிடம் சொல்வாரா என்று கேட்க நினைத்தேன்; கேட்கவில்லை.

மறுநாள் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனோம். வயல்களைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்று மிஸ் பார்ட்லெட் ஆசைப்பட்டார். பார்த்தது பெரும்பாலும் எதிரே இருந்தவர் மடியில் இருந்த கோழியைத்தான். ஏட்டையாவும் அதே வண்டியில் பின்னால் இருந்தார். சலவை வேட்டி, மடியில் ஓர் ஓலைக் கொட்டான் நிறைய மங்குஸ்தான் பழம். எங்களைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி.

ஆலங்குளத்தில் இறங்கினார். இறங்கி நாலடி போவதற்குள் பஸ் நின்றுபோயிற்று. டிரைவர் முன்னால் கம்பியை விட்டுச் சுழற்றிப் பார்த்தார். பிறகு எல்லாரும் இறங்கித் தள்ளும்படி ஆயிற்று. ஏட்டையாவும் கொட்டானை ஒரு சோடாக் கடைப் பலகையில் வைத்துவிட்டு வந்து தள்ளினார். மிஸ் பார்ட்லெட்டும் தள்ளினார். கோழிக்காரர் கோழியோடு தள்ளினார். மூன்றாம் தள்ளலில் வண்டி உறுமிற்று. நாங்கள் ஓடி ஏறினோம். ஏட்டையா மேல்மூச்சு வாங்கக் கடைக்குத் திரும்பினார். எங்கள் ஜன்னலுக்கு நேரே அந்தக் கடை.

மாடசாமி வீடு எது என்று கேட்டார். பின்னால் மாட்டுத் தொழுவில்தான் நிற்கிறான், யார் வந்திருக்கிறதாகச் சொல்லட்டும் என்றார் கடைக்காரர். ஏட்டையாவின் மீசையில் சாரல் துளி. கொட்டானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பழைய ஏட்டு வந்திருக்காம்னு சொல்லும். பயப்பட வேண்டாம்னு சொல்லும். எனக்குத்தான் பயமா இருக்குன்னு சொல்லும்."

கடைக்காரர் உள்ளே போனார். பஸ் புறப்பட்டது. மிஸ் பார்ட்லெட் என் கையைத் தொட்டு, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்.